குழந்தை தவழும் வீட்டில் நச்சுப் பொருள்களைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஒன்றரை வயதுக் குழந்தைக்காகப் பிளாஸ்டிக் பால் புட்டிகளை மாற்றிவிட்டீர்கள், காய்கறிகளை இயற்கை அங்காடியில் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள். இதற்கு மேல் வீட்டில் உள்ள நச்சுப் பொருள்களைக் குறைக்க வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, குடியிருப்பது தாத்தா காலத்து வீடு என்றும், பொங்கலுக்குள் கதவு சன்னல்களைச் சுரண்டிப் புது வண்ணம் அடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்த இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் உங்கள் கடிதத்தில் குழந்தைக்கு உண்மையிலேயே பெரிய ஆபத்து எதில் இருக்கிறது என்றால், அந்தக் கதவைச் சுரண்டும் வேலையில்தான் இருக்கிறது. ஆட்களிடம் சொல்லி அதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். எந்த நச்சு அதிகத் தீங்கு செய்கிறது, எது நம் கையால் அகற்றக்கூடியது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், என் கணக்கில், பழைய வண்ணப்பூச்சிலும் இருக்கும் காரீயம் (லெட் என்னும் உலோகம்) முதலில் வருகிறது, வீட்டுப் புகை அடுத்து வருகிறது, பிளாஸ்டிக்கும் காய்கறியும் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் காரீயத்தைப் பற்றியே இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு குழந்தைக்கு ஏன் தீங்காகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை நம்மைவிட அதிகமாக மூச்சு விடுகிறது, அதிகமாகச் சாப்பிடுகிறது, அதிகமாக நீர் குடிக்கிறது. அதன் உலகம் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இருக்கிறது. தரையில் படியும் தூசி கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் ஒரு நாளில் பல முறை போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்வழி சென்ற காரீயத்தைப் பெரியவர்களின் குடல் ஈர்ப்பதைப் போல நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் குடல் ஈர்த்துக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் உடல் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. காரீயம் அந்தச் சத்தின் வேடத்தில் உள்ளே நுழைந்து, எலும்பில் தங்கி, மூளையின் நரம்பு இணைப்புகள் உருவாகும் அதே பருவத்தில் அங்கேயும் போய்ச் சேருகிறது. எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். பெண் குழந்தையாக இருந்தால், அவள் வளர்ந்து கருவுறும்போது அது மீண்டும் இரத்தத்தில் கலந்து அடுத்த தலைமுறைக்கும் போகும்.

இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவாக 1991-இல் ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது, 2012-இல் அது 5 ஆகியது, 2021-இல் 3.5 ஆகியது. இப்படி இறங்கிக்கொண்டே வந்ததற்கு வலுவான காரணம் உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005-இல் வெளியான பகுப்பாய்வில், இரத்தக் காரீயம் 2.4-இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு உயரும்போது குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் ஏறத்தாழ 4 புள்ளி குறைந்தது. 10-இலிருந்து 20-க்கு உயரும்போது மேலும் 2 புள்ளியே குறைந்தது. அதாவது முதலில் உள்ளே போகும் சிறு அளவுதான் அதிகமாகப் பறிக்கிறது. இந்த இழப்புக்குக் காய்ச்சலோ வலியோ அறிகுறியாக வருவதில்லை. பாடத்தில் மனம் நிலைக்காத பிள்ளை, எதற்கெடுத்தாலும் சினம் கொள்ளும் பிள்ளை என்று வீட்டிலும் பள்ளியிலும் பெயர் வாங்கிக்கொண்டு அது வளர்ந்துவிடும். இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இது நம் ஊருக்குப் பொருந்தாத செய்தி அல்ல. 1990-களின் இறுதியில் சென்னை உட்பட இந்தியப் பெருநகரங்களில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றில், சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். அப்போது பெட்ரோலில் காரீயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான பள்ளிக் குழந்தைகள் 756 பேரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்விலும் சராசரி 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகள், அதாவது மூவரில் ஒருவர், 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயத்தைச் சுமக்கிறார்கள்; அவர்களில் ஏறக்குறைய 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பெட்ரோல் போய்விட்டது என்றால், இப்போது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வண்ணப்பூச்சு, மஞ்சள், பாத்திரம், கண் மை, நாட்டு மருந்து, பழைய பேட்டரி என்று நம் கைக்கெட்டும் இடங்களிலிருந்துதான்.

வண்ணப்பூச்சிலிருந்து குழந்தைக்குக் காரீயம் போகிறது என்பது மிகப் பழைய அறிவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வீட்டுத் தாழ்வாரத்தின் வண்ணம் பூசிய கிராதிகளிலிருந்து குழந்தைகள் நஞ்சடைகிறார்கள் என்று 1904-இலேயே எழுதினார். அந்தக் குயின்ஸ்லாந்து மாநிலம் 1922-இல் குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் காரீய வண்ணத்தைச் சட்டத்தால் தடுத்தது. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த நூறாண்டு இடைவெளியை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆகவே அதற்கு முன் வண்ணம் பூசப்பட்ட எந்த வீட்டிலும், குறிப்பாகக் கதவு, நிலை, சன்னல் கம்பி, கிரில், தொட்டில், பழைய மர அலமாரி ஆகியவற்றில் அடித்த எனாமல் பெயிண்டில், காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் அது மிகுதி. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எமல்ஷன் ஆகியவற்றில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் கதவுகளில் பழைய பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். மேலே புதுப் பூச்சு அடித்து மூடிவிடுவதே பாதுகாப்பு. ஒன்றோடொன்று உரசும் இடங்கள்தான் தொல்லை தருபவை. ஒவ்வொரு முறை சன்னலைத் திறந்து மூடும்போதும் சட்டத்தில் மெல்லிய தூள் உதிரும். உரிந்து தொங்கும் பூச்சை எடுத்தே தீர வேண்டும் என்றால், வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே குழந்தையையும், வீட்டில் கருவுற்றவர் இருந்தால் அவரையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து, ஈரத் துணியால் வீடு முழுவதையும் இரண்டு முறை துடைத்த பிறகே அவர்கள் திரும்பி வர வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், மின் கருவியால் இழைப்பதும், தீச்சுடர் காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் தாளை வாங்கி, நீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தால் தூசி பறக்காது. கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தலாம். வேலை செய்பவருக்கும் முகக்கவசம் கொடுங்கள். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள், அந்தத் தூசி அவர் சட்டையில்தான் போகும். கழித்த பழைய கதவுப் பலகைகளை வெந்நீர் அடுப்பில் எரிக்காதீர்கள். காரீயம் எரிந்து மறைவதில்லை, புகையிலும் சாம்பலிலும் இருக்கும். புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் காரீய அளவு பற்றிய குறிப்பு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விதியின்படி அது இருந்தாக வேண்டும்.

தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது, செருப்பை வாசலில் விடுவது எல்லாம் நல்ல பழக்கங்கள். பெட்ரோல் காலத்துக் காரீயம் சாலையோர மண்ணில் இன்னும் தங்கியிருப்பதால், காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் நம் வழக்கம் உண்மையிலேயே குழந்தையைக் காக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பெற்றோருக்கு அறிவுரை சொல்வதும் வீட்டுத் தூசியைத் துடைப்பதும் மட்டுமே குழந்தைகளின் இரத்தக் காரீயத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஊற்று அடைபடாமல் தரையைத் துடைப்பதால் பெரிய பயனில்லை. தூசி எங்கிருந்து உதிர்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது சமையலறை. மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, மெருகேற்றும்போது காரீயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைப் பூசும் கெட்ட வழக்கம் தெற்காசியாவில் சில இடங்களில் இருக்கிறது. இதை நிறுத்த முடியும் என்பதற்கு வங்கதேசமே சாட்சி. அங்கே ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்த பின், 2019-இல் அரசு சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. அப்போது சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த காரீயம், 2021-இல் ஒன்றிலும் இல்லாமல் போனது. இரண்டே ஆண்டுகளில் இது நடந்தது. இந்தியாவில் மஞ்சளில் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் செய்யக்கூடியது எளிது: கண்ணைப் பறிக்கும் பளபளப்பில்லாத, மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக விற்கும் தூளைக் குழந்தைக்குரிய சமையலில் சேர்க்காதீர்கள். மிளகாய்த் தூளுக்கும் இதுவே என் ஆலோசனை.

பாத்திரங்களில் எவர்சில்வரே குழந்தை வீட்டுக்கு ஏற்றது. தமிழ் வீடுகளில் அது தாராளமாகவே இருக்கிறது. கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலிருந்தும், இண்டாலியம் என்ற பெயரில் விற்கும் சில பாத்திரங்களிலிருந்தும் உணவில் காரீயம் கசிவது பல நாடுகளில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் செய்து ஏற்றுமதியான அத்தகைய சில பாத்திரங்களைப் பற்றி 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் கசிவை அதிகமாக்கும் என்பதால் ரசம், சாம்பார், புளிக்குழம்பு ஆகியவற்றை இவற்றில் வைக்க வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. சுத்தமான வெள்ளீயம் என்றால் கவலையில்லை. ஆனால் விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. பித்தளைக்கு உள்ளே பூசும் ஈயப் பூச்சுக்கும் இதே ஐயம் பொருந்தும். தங்கத்தின் தரம் பார்க்கும் கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவி காரீயத்தையும் காட்டக்கூடியது. பாட்டி கொடுத்த சொம்பை விட மனமில்லை என்றால் அங்கே கொண்டுபோய்ச் சோதித்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்த ரசத்தைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கண் மை பற்றிப் பெரியவர்களோடு மனத்தாங்கல் வரும் என்று எனக்குத் தெரியும். சுர்மா என்னும் அஞ்சனம் பல சமயங்களில் காரீயத் தாதுவையே அரைத்துச் செய்யப்படுவது. கடையில் பெயர் முகவரி இல்லாமல் விற்கும் மையில் என்ன இருக்கிறது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. வீட்டில் விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் சேர்த்துச் செய்யும் மையில் காரீயம் இல்லைதான். என்றாலும் கண்ணுக்குள் விரலை விடுவதால் கிருமித் தொற்று வரும். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் செய்த மையை உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் வைத்தால் கைக்கும் வாய்க்கும் போய்விடும். பச்சிளங்குழந்தைக்கு உரைமருந்தும், உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்றவையும் கொடுப்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். சித்த மருத்துவத்தில் எனக்கு மதிப்பு உண்டு. அந்த முறையில் பட்டம் பெற்ற மருத்துவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்காமல் உலோக மருந்து எதுவும் குழந்தையின் நாவில் படக் கூடாது என்பதே என் நிலை.

வீட்டில் யாருடைய தொழிலிலாவது காரீயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரிப் பணிமனை, காயலான் கடை, பெயிண்ட் வேலை, பற்றவைக்கும் வேலை, வலைக்குக் காரீயக்குண்டு உருக்கும் வேலை ஆகியவற்றில் இருப்பவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். வேலை உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். பேட்டரியை உடைத்து உருக்குவதில் உள்ள ஆபத்தைச் சொல்ல ஒரு நிகழ்வு போதும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தியாரோய் பகுதியில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில், பேட்டரிக் காரீயம் படிந்த மண்ணால் 18 குழந்தைகள் இறந்தார்கள். உங்கள் தெருவில் அப்படி ஓர் உலை இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்; அதை எந்தத் தாயும் தன் வீட்டுக்குள் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

இனிப் புகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை அளந்து 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூட்டிய அறையில் இரவு முழுவதும் அதைக் கொளுத்திக் குழந்தையைத் தூங்க வைக்கும் வீடுகள் எத்தனை என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கொசு ஊதுபத்தி அதைவிட மோசம். அனுமதி பெறாத பூச்சிக்கொல்லி சேர்த்தவையும் அவற்றில் விற்கப்படுகின்றன. டெங்கு இருக்கும் ஊரில் கொசுவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சன்னலுக்கு வலை அடியுங்கள், தொட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள், பகலிலும் கட்டுங்கள்; டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். பூந்தொட்டித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். குளிப்பாட்டியபின் தலை காயச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லிப் பெரியவர்களிடம் கனிவாகப் பேசுங்கள். மெல்லிய துண்டால் துவட்டினாலே போதும். விறகடுப்பு இருந்தால் குழந்தை இருக்கும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் எவரும் புகை பிடிக்கக் கூடாது, வாசலில் நின்றும் கூடாது. போகியன்று டயர், பிளாஸ்டிக், வண்ணம் பூசிய பலகை ஆகியவற்றைக் கொளுத்துவதைத் தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து நிறுத்தினால், அந்தத் தெருக் குழந்தைகள் அனைவருக்கும் அது நன்மை.

அலமாரிக்குள்ளும் பூசையறையிலும் சில பொருள்கள் இருக்கின்றன. துணியில் போடும் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன், ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்த உருண்டையோடு மடித்து வைத்த பழைய சேலையில் தொட்டில் கட்டுவதால்கூட இது நேரும். கற்பூரத்தின் ஒரு சிறு கட்டியை விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரும். சளிக்கு எண்ணெயில் கற்பூரம் கரைத்து மார்பில் தேய்ப்பதும் இரண்டு வயதுக்குள் கூடாது. எறும்புச் சாக்குக் கட்டி எழுதும் சாக்குக் கட்டியைப் போலவே இருக்கிறது, தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தரையோரத்தில் கோடு போடப்படுகிறது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

குடிநீரில் நம் மாநிலத்துக்குரிய பெரிய சிக்கல் புளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளில் அது மிகுதி. பல் பழுப்பதும் எலும்பு வளைவதும் அங்கே தலைமுறைகளாக நடந்தவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் போகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்த நீரைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடும் காரீயமும் போவதில்லை, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். உங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் பற்றி நீங்கள் எடுத்த முடிவு சரியானதே. பாலிபுரோப்பிலீன் புட்டியில் கொதிநீர் ஊற்றிக் குலுக்கும்போது ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்துகள்கள் உதிர்வதாக டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் அளந்தார்கள். எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும் அந்தக் கவலையை நீக்கிவிடும். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வாங்காமல் இருப்பதும், எண்ணெய்ப் பலகாரத்தைச் செய்தித்தாளில் பொதிந்து தருவதை மறுப்பதும் போதும். காய்கறிகளைப் புளி கரைத்த நீரிலோ உப்பு நீரிலோ சிறிது நேரம் ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் மேலே படிந்த பூச்சி மருந்தில் கணிசமான பகுதி போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது என்பதால், பல வகைக் காய்களை மாற்றி மாற்றிச் சமைப்பது நல்லது. இயற்கைக் காய்கறி விலை கட்டவில்லை என்று காய்கறியையே குறைத்துவிடாதீர்கள். அந்த இழப்பு பெரிது.

பாதரச வெப்பமானி வீட்டில் இருந்தால் டிஜிட்டலுக்கு மாறிவிடுங்கள். கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிகள் முஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்ததை 2001-இல் மக்கள் கண்டுபிடித்த பிறகே அந்த ஆலை மூடப்பட்டது. பாதரசம் கலந்த அந்த மண்ணின் கதை இன்னும் தீரவில்லை. வீட்டில் ஒன்று உடைந்தால் குழந்தையை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் துளிகள் சிதறும்.

காரீயத்துக்குத் திரும்புகிறேன், ஏனெனில் உணவால் அதன் வேகத்தைக் குறைக்க முடியும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக ஈர்க்கிறது. வெறும் வயிறும் அப்படியே. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. கேழ்வரகுக் கூழ், முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, அவற்றோடு நெல்லிக்காய் அல்லது கொய்யா என்று நாளும் ஏதேனும் வயிற்றில் இருக்கட்டும். மண்ணையோ சுவரில் உரியும் பூச்சையோ குழந்தை விரும்பித் தின்றால் அது அடித்துத் திருத்த வேண்டிய குறும்பு அல்ல; இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழைய வண்ணம் உள்ள வீட்டில் தவழ்ந்து வளர்ந்த குழந்தை என்பதால், உங்கள் குழந்தைக்கு இரத்தக் காரீயப் பரிசோதனை ஒரு முறை செய்துவிடுவது தகும். பெரிய தனியார் ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. விரல் நுனியில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதால், கையில் ஊசி போட்டு இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தமாக இருக்கட்டும். 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், இரும்பும் சுண்ணாம்பும் போதவில்லை என்றால் மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 45 மைக்ரோகிராமையோ அதற்கு மேலோ காட்டினால், காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருத்துவம் தேவைப்படும். அன்றே குழந்தை மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுவில் உள்ள அளவுகளுக்கு அந்த மருந்து பொதுவாகத் தேவையில்லை. இணையத்தில் விற்கும் நச்சு நீக்கிப் பொடிகளை எந்த அளவுக்கும் கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நெடுநாள் சேர்ந்திருந்தால், எலும்பிலிருந்து ஊறிக்கொண்டிருப்பதால் இன்னும் மெதுவாக இறங்கும். எனவே ஊற்றை அகற்றிய பின் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். எண் இறங்கியிருந்தால் சரியான ஊற்றை அடைத்துவிட்டீர்கள். இறங்காவிட்டால் நீங்கள் இன்னும் பார்க்காத ஒன்று வீட்டில் இருக்கிறது, மஞ்சள் டப்பாவிலிருந்து தேடுதலை மறுபடியும் தொடங்க வேண்டும்.